தேயிலைச் சாற்றில் செய்த இரும்புத் துகள் கல்லீரல் எம்.ஆர்.ஐ.க்கு உதவுமா?

ஊட்டியில் எம்.ஃபார்ம் படிக்கிறீர்கள். நீலகிரித் தேயிலைக் கொழுந்தின் சாற்றையும் இரும்பு உப்பையும் சேர்த்து நானோ துகள் செய்திருக்கிறீர்கள். கரைசல் சில நிமிடங்களில் கறுத்துவிட்டது, எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் துகள்கள் 15 முதல் 20 நானோமீட்டர் இருக்கின்றன. இதைக் கல்லீரல் எம்.ஆர்.ஐ.க்கான கான்ட்ராஸ்ட் மருந்தாக, அதாவது படத்தில் வேறுபாட்டைத் தெளிவாக்க ஏற்றும் மருந்தாக, வளர்க்க முடியுமா, முன்பு இருந்த இரும்பு மருந்துகள் ஏன் காணாமல் போயின என்பவை உங்கள் இரண்டு கேள்விகள். இவற்றுக்கு அடியில், நீங்கள் எழுதாமல் விட்ட இன்னொன்றும் இருப்பதாக எனக்குப் பட்டது: சந்தை கலைந்த பிறகு சரக்கோடு போய் நிற்கிறோமா, ஒரு வருட உழைப்பு வீணாகிவிடுமா? அதற்கும் சேர்த்தே பதில் சொல்கிறேன்.

ஊசி வழியாகச் செலுத்தும் துகள் மருந்துகளைத் தயாரிக்கும் வேலையில் இருபது ஆண்டுகளுக்கு மேல் இருந்தேன். இப்போது கோத்தகிரியில் வசிக்கிறேன். எம்.ஆர்.ஐ. படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் பயிற்சி எனக்கு இல்லை. ஆகவே துகளைப் பற்றி நான் சொல்வதை அனுபவத்தில் கண்டதாக எடுத்துக்கொள்ளுங்கள். படம் தொடர்பான பகுதியை உங்களுக்குத் தெரிந்த ஒரு ரேடியாலஜிஸ்டிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.

முதலில் கல்லீரலிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் உங்கள் துகளின் விதியைத் தீர்மானிப்பது அதுதான். கல்லீரலின் நுண்ணிய ரத்தப் பாதைகளின் உட்சுவரில் குப்ஃபர் செல்கள் காவல் இருக்கின்றன. ரத்தத்தில் வரும் பாக்டீரியா, சிதைந்த செல், அந்நியத் துகள் எதுவானாலும் பிடித்து விழுங்குவது அவற்றின் வேலை. இரும்பு ஆக்ஸைடு துகள் உள்ளே போனால் அதையும் விழுங்கும். மேக்னடைட் அல்லது மேக்ஹெமைட் என்ற காந்த வகை இரும்பு ஆக்ஸைடு துகளை இருபது நானோமீட்டருக்குக் கீழே செய்துவிட்டால் அதற்கு ஒரு நல்ல குணம் வருகிறது: வெளியே காந்தப்புலம் இருக்கும்போது மட்டும் வலுவாகக் காந்தமாகும், புலம் விலகியதும் காந்தத்தை விட்டுவிடும். எம்.ஆர்.ஐ. இயந்திரத்துக்குள் அந்தத் துகள் தன்னைச் சுற்றியுள்ள புலத்தைக் கலைக்கிறது. பக்கத்தில் உள்ள நீரின் புரோட்டான்கள் ஒத்திசைவை விரைவில் இழக்கின்றன, டி2 நேரம் (அந்த ஒத்திசைவு நீடிக்கும் காலம்) குறைகிறது, படத்தில் அந்த இடம் கறுக்கிறது. குடலிலிருந்தோ மார்பகத்திலிருந்தோ பரவி வந்த புற்றுக்கட்டியில் குப்ஃபர் செல்கள் இல்லாததால் அது கறுப்பதில்லை. கறுத்த கல்லீரலின் நடுவே கட்டி வெளிச்சமாகத் தெரியும். மருந்து கட்டியைத் தேடிப் போகவேண்டிய அவசியமே இல்லை என்பதுதான் இந்த யோசனையின் அழகு.

இது காகிதத்தில் மட்டும் இருந்த யோசனையும் இல்லை. டெக்ஸ்ட்ரான் என்ற சர்க்கரைச் சங்கிலி பூசிய ஃபெரூமாக்ஸைட்ஸ் 1996-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அங்கே ஃபெரிடெக்ஸ், ஐரோப்பாவில் எண்டோரெம் என்று பெயர். உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.56 மில்லிகிராம் இரும்பு, அரை மணி நேரம் சொட்டுச் சொட்டாக ஏற்றவேண்டும். கார்பாக்ஸிடெக்ஸ்ட்ரான் பூசிய ஃபெருகார்போட்ரான், அதாவது ரெசோவிஸ்ட், 2001-இல் ஐரோப்பாவில் வந்தது. அதன் துகள் சுமார் 60 நானோமீட்டர்; ஒரே ஊசியாகவே போடலாம். இரும்பை நரம்பில் ஏற்றுவது ஆபத்தில்லையா என்று உங்கள் வைவாவில் கட்டாயம் கேட்பார்கள். கணக்கைச் சொல்லுங்கள்: 60 கிலோ எடையுள்ளவருக்கு ஃபெரூமாக்ஸைட்ஸ் வழியே போவது 34 மில்லிகிராம் அளவு இரும்பு. ஒரு யூனிட் ரத்தம் ஏற்றினால் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு உள்ளே போகிறது. உடலில் ஏற்கெனவே 3 முதல் 4 கிராம் இருக்கிறது. குப்ஃபர் செல் துகளை மெல்லக் கரைத்து அந்த இரும்பை உடலின் பொதுக் கையிருப்பில் சேர்த்துவிடுகிறது. பின்னாளில் அது ஹீமோகுளோபினாகவும் மாறலாம். எனக்குத் தெரிந்து வேறெந்தக் கான்ட்ராஸ்ட் மருந்தையும் உடல் இப்படித் தன் சொந்தப் பொருளாக ஏற்றுக்கொள்வதில்லை.

அப்படியானால் ஏன் போயின? ஃபெரிடெக்ஸ் 2008-இல் நிறுத்தப்பட்டது, ரெசோவிஸ்ட் உற்பத்தி 2009-இல் பெரும்பாலான நாடுகளுக்கு நின்றது. ஜப்பானில் மட்டும் தொடர்ந்தது. நச்சு என்று தடை செய்தார்கள் எனச் சில மாணவர் ஆய்வேடுகளில் படிக்கிறேன், அது சரியில்லை. ஃபெரூமாக்ஸைட்ஸ் ஏற்றும்போது சிலருக்கு முதுகுவலி வந்தது, அரிதாக ஒவ்வாமையும் ரத்த அழுத்த வீழ்ச்சியும் வந்தன, அது உண்மை. ஆனால் மருந்தைக் கீழே இறக்கியது போட்டி. கல்லீரல் செல்லுக்குள்ளேயே நுழையும் காடோக்ஸெடேட் என்ற, காடோலினியம் உலோகம் கொண்ட மருந்து 2004-இல் ஐரோப்பாவிலும் 2008-இல் அமெரிக்காவிலும் வந்துவிட்டது. அதை ஊசியாகப் போட்டவுடன் கட்டிக்கு ரத்தம் எப்படிப் பாய்கிறது என்று பார்க்கலாம். இருபது நிமிடம் கழித்து, கல்லீரல் செல்கள் மருந்தை எடுத்துக்கொண்டு வெளுத்திருக்க, கட்டி கறுப்பாகத் தெரிவதையும் பார்க்கலாம். ஒரே ஊசியில் இரண்டு பதில்கள். அதே காலத்தில், திசுவில் நீர் நகர்வதை வைத்து எடுக்கும் டிஃப்யூஷன் எம்.ஆர்.ஐ. படமும் தேறிவிட்டது. எந்த மருந்தும் இல்லாமலே சிறிய கட்டிகளை அது காட்டத் தொடங்கியது.

இதையெல்லாம்விட முக்கியமான ஒரு குறை துகளின் அடிப்படை யோசனையிலேயே இருந்தது. சிர்ரோசிஸ் வந்து தழும்பேறிய கல்லீரலில் குப்ஃபர் செல்களின் வேலை குறைந்துவிடுகிறது. அங்கே கல்லீரல் சரியாகக் கறுப்பதில்லை, திட்டுத்திட்டாகத் தெரியும். போதாததற்கு, கல்லீரலிலேயே தோன்றும் புற்று ஆரம்ப நிலையில் சில சமயம் குப்ஃபர் செல்களை வைத்திருக்கும், அதுவும் சேர்ந்து கறுத்து மறைந்துவிடும். கல்லீரல் புற்று அதிகம் வருவது சிர்ரோசிஸ் உள்ளவர்களுக்குத்தான். யாருக்கு மருந்து மிகவும் தேவையோ அவர்களிடமே அது தடுமாறியது. உங்கள் ஆய்வேட்டின் முன்னுரையில் இந்த ஒரு பத்தி இருந்தால், தேர்வாளர் உங்களை வேறு விதமாகப் பார்ப்பார்.

கதை அத்தோடு முடியவும் இல்லை. சிறுநீரகம் பழுதானவர்களுக்குச் சில காடோலினியம் மருந்துகளால் தோலும் உறுப்புகளும் இறுகும் நோய் வருவது 2006-இல் தெரியவந்தது. பிறகு காடோலினியம் மூளையில் தங்குவதும் தெரிந்து, 2017-இல் ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு நேர்கோட்டு அமைப்புள்ள காடோலினியம் மருந்துகள் பலவற்றை நிறுத்தியது. காடோக்ஸெடேட்டைக் கல்லீரலுக்காக மட்டும் விட்டுவைத்தது. அதனால் இரும்பின் மீது மறுபடியும் கண் திரும்பியிருக்கிறது. ஃபெரூமாக்ஸிடால் என்ற, சுமார் 30 நானோமீட்டர் துகள் மருந்து, சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்காக 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அது ரத்தத்தில் பல மணி நேரம் தங்குவதால் ரத்தக்குழாய்ப் படத்துக்குச் சில மையங்கள் அதைப் பயன்படுத்துகின்றன. உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை குறித்து 2015-இல் அதன் மீது கடும் எச்சரிக்கை சேர்க்கப்பட்டதையும் சேர்த்தே எழுதுங்கள். ஆக, சந்தை முழுவதும் கலைந்துவிடவில்லை.

இனி உங்கள் துகளுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் கடுமையாகப் பேசவேண்டியிருக்கிறது, வருத்தப்படாதீர்கள். இரும்பு உப்போடு தேயிலைச் சாறு சேர்ந்து கறுத்ததை வைத்து இரும்பு ஆக்ஸைடு உருவாகிவிட்டது என்று முடிவுக்கு வரக்கூடாது. கவாத்து வெட்டும் கத்தி தேயிலைச் சாறு பட்டுக் கறுப்பதை நம் மலையில் யாரும் பார்த்திருப்பார்கள். அந்தக் காலத்தில் கடுக்காயையும் அன்னபேதியையும் சேர்த்து எழுதும் மை செய்தார்கள். அன்னபேதி என்பது இரும்பு சல்ஃபேட்தான். இரண்டிலும் நடப்பது ஒன்றே: டானின் வகைப் பாலிஃபீனால்கள் இரும்பு அயனியைப் பிடித்துக் கறுத்த கூட்டுப்பொருளாகின்றன. அது மை. அதில் மேக்னடைட்டின் படிக அமைப்பு கிடையாது, காந்தத்துக்கு ஒட்டாது. மைக்ராஸ்கோப்பில் அதுவும் குட்டிக் குட்டி உருண்டையாகத்தான் தெரியும். தாவரச் சாற்றால் துகள் செய்யும் பச்சை முறை என்ற பெயரில் வெளிவந்த கட்டுரைகளில் கணிசமானவை இந்த மையைத்தான் நானோ இரும்பு என்று எழுதியிருக்கின்றன என்பது என் கணிப்பு.

சோதனை எளிது. வலுவான நியோடிமியம் காந்தத்தைக் கண்ணாடிக் குப்பியின் பக்கத்தில் வைத்து ஒரு இரவு விடுங்கள். கறுப்பு முழுவதும் காந்தப் பக்கம் ஒதுங்கி, மீதி நீர் தெளிந்தால் நல்ல செய்தி. கறுப்பு அப்படியே பரவியிருந்தால் உடனே முடிவு கட்டவேண்டாம், மிகச் சிறிய துகள் நன்றாகப் பிரிந்து நின்றாலும் ஒதுங்காது. அப்போது படிக அமைப்பைக் காட்டும் எக்ஸ்.ஆர்.டி.யும் காந்தத்தன்மையை அளக்கும் வி.எஸ்.எம். அளவீடும் தேவை. எக்ஸ்.ஆர்.டி. கோட்டில் மேக்னடைட்டின் சிகரங்கள் வரவில்லை என்றால் கையில் இருப்பது பெரும்பாலும் மைதான். நீங்கள் இரும்பின் இரண்டு வகை உப்பையும் சேர்த்து, கடைசியில் சோடியம் ஹைட்ராக்ஸைடு ஊற்றியிருந்தால் மேக்னடைட் உண்மையிலேயே வந்திருக்கலாம். ஆனால் அப்போது வேலையைச் செய்தது காரம்தான், தேயிலை வெறும் பூச்சு. இதைப் பிரித்தறிய ஒரே வழி, தேயிலை இல்லாமல் அதே முறையை அப்படியே ஒருமுறை செய்து பார்ப்பது. இந்தக் கன்ட்ரோலைச் செய்த மாணவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஃபெரஸ், ஃபெரிக் அயனிகளை ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதத்தில் எடுத்து, நைட்ரஜன் ஓடவிட்டு, அம்மோனியா சேர்த்து வீழ்படிவாக்கும் முறை 1980-களின் தொடக்கத்திலிருந்தே இருக்கிறது. அதில் ஒரு தொகுதி செய்து பக்கத்தில் வைத்துக்கொண்டால் ஒப்பிட ஒரு அளவுகோல் கிடைக்கும்.

மேக்னடைட்தான் என்று உறுதியானாலும் அடுத்த கேள்வி பூச்சு. மைக்ராஸ்கோப்பு காட்டும் 15 நானோமீட்டர் காய்ந்த உள்கருவின் அளவு. கல்லீரல் பார்ப்பது, நீரில் பூச்சோடும் கூட்டோடும் மிதக்கும் மொத்த அளவை. ஒளிச் சிதறலை வைத்து அந்த மொத்த அளவைக் காட்டும் டைனமிக் லைட் ஸ்கேட்டரிங் அளவைத்தான் நீங்கள் முன்னால் வைக்கவேண்டும். அது 60-லிருந்து 150 வரை இருந்தால் குப்ஃபர் செல்கள் சில நிமிடங்களில் எடுத்துக்கொள்ளும். முப்பதுக்குக் கீழே இருந்தால் ரத்தத்தில் நெடுநேரம் சுற்றும், நிணநீர்க் கணுக்களுக்கும் போகும். இருநூறைத் தாண்டினால் மண்ணீரல் வடிகட்டத் தொடங்கும். மைக்ரான் கணக்கில் கட்டியானால் நுரையீரலின் நுண்குழாயில் போய் அடைக்கும், அது ஆபத்து.

தேயிலைப் பூச்சில் எனக்கு ஒரு குறிப்பிட்ட கவலை உண்டு. டீ ஏன் நாக்கில் துவர்க்கிறது? அதன் பாலிஃபீனால்கள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துத் திரளவைப்பதால். ரத்தப் பிளாஸ்மாவில் லிட்டருக்கு 60 முதல் 80 கிராம் புரதம் இருக்கிறது. தேயிலை பூசிய துகள் அங்கே நுழைந்தால் புரதத்தை வாரிச் சுற்றிக்கொண்டு பெரிய கட்டியாகும் என்று நினைக்கிறேன். இது ஊகம், அனுபவத்திலிருந்து வந்த ஊகம். நீங்கள் பத்து நாளில் சோதித்துவிடலாம்: துகளை நீரிலும், 0.9 விழுக்காடு உப்புநீரிலும், பத்து விழுக்காடு சீரம் கலந்த பஃபரிலும் வைத்து, ஒரு மணி, ஒரு நாள், ஒரு வாரம் கழித்து அளவைப் பாருங்கள். எங்கள் ஆய்வகத்தில் ஒருமுறை சிட்ரேட் பூசிய துகள் மூன்று மாதம் நீரில் தேன் நிறத்தில் அசையாமல் நின்றது. எல்லாருக்கும் சந்தோஷம். உப்புநீரில் கலந்து வைத்துவிட்டு மறுநாள் காலை வந்து பார்த்தால் குப்பியின் அடியில் சகதி, மேலே வெறும் நீர். மின்னூட்டத்தால் மட்டும் பிரிந்து நிற்கும் துகளுக்கு உப்பு எமன். அன்றிலிருந்து நான் எந்தத் துகளையும் உப்புநீரில் பார்க்காமல் பாராட்டியதில்லை. டெக்ஸ்ட்ரான் மாதிரி நீண்ட சர்க்கரைச் சங்கிலியைப் பூசுவது ஏன் வழக்கமானது என்பது அந்தச் சகதியைப் பார்த்தபோதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

அடுத்தது எண்டோடாக்ஸின். ஊசி மருந்து செய்ய நினைப்பவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விழுகிறார்கள். பாக்டீரியா செத்தாலும் அதன் சுவர்த்துண்டு காய்ச்சலையும் அதிர்ச்சியையும் உண்டாக்கும். 121 டிகிரி ஆட்டோகிளேவ் அதை அழிக்காது. கண்ணாடிப் பாத்திரத்தை 250 டிகிரி உலர்வெப்பத்தில் அரை மணி வைக்கவேண்டும். தோட்டத்திலிருந்து வந்த இலைச்சாற்றில் அது நிறைய இருக்கும். தாவரத்தின் குளுக்கன்கள் எண்டோடாக்ஸின் சோதனையைப் பொய்யாகத் தூண்டவும் செய்யும், உங்கள் கறுப்பு நிறமோ நிறமாற்றத்தை அளக்கும் கருவியைக் குழப்பும். எலிக்குக் கொடுக்கும் முன் இதைத் தீர்த்தே ஆகவேண்டும். இல்லையென்றால் எலியின் கல்லீரல் வீங்கியது துகளாலா பாக்டீரியாவாலா என்று கடைசிவரை தெரியாது, அந்த உயிர்கள் போனதுதான் மிச்சம்.

ஆட்டோகிளேவ் என்றதும் நினைவுக்கு வந்தது, மலையில் இருப்பவர்கள் கவனிக்கவேண்டிய ஒன்று. ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் அங்கே சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிநிலையில் செய் என்று எழுதிய செய்முறையை அப்படியே செய்தால் ஏழு டிகிரி குறைவில் செய்கிறீர்கள். ஆட்டோகிளேவில் இது இன்னும் முக்கியம். அழுத்தமானி வெளிக்காற்றுக்கு மேலுள்ள அழுத்தத்தைத்தான் காட்டும். கடல்மட்டத்தில் 15 பவுண்டு காட்டினால் உள்ளே 121 டிகிரி. ஊட்டியில் அதே 15 பவுண்டுக்கு 117 டிகிரி அளவுதான் வரும், 121 வர பதினெட்டரைப் பவுண்டு வேண்டும். ஆகவே மானியை நம்பாமல் உள்ளே வெப்பநிலையை அளந்து பாருங்கள், உயிர்க்குறிகாட்டிப் பட்டையும் ஒன்று போடுங்கள். கருவி அந்த அழுத்தத்தைத் தாங்குமா என்று பார்க்காமல் மட்டும் ஏற்றிவிடாதீர்கள்.

மருந்தாக வளர்க்கலாமா என்ற கேள்விக்கு என் நேரான பதில்: இந்தத் துகளை, இந்த வருடத்தில், முடியாது. இந்தியாவில் நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கென்று 2019-இல் தனி வழிகாட்டு நெறிகள் வந்திருக்கின்றன, எடுத்துப் படியுங்கள். ஒரு தொகுதிக்கும் அடுத்த தொகுதிக்கும் அளவு, பூச்சு, காந்தத்தன்மை ஒன்றாக இருப்பதை நிரூபிக்கவேண்டும். பருவத்துக்குப் பருவம், குளோனுக்குக் குளோன், கொழுந்து எடுத்த நாளுக்கு நாள் மாறும் தேயிலைச் சாற்றைக் கொண்டு அதை நிரூபிப்பது பெரும்பாடு. டீ டேஸ்டர் ஒவ்வொரு நாளும் ருசி பார்ப்பது எதற்கு? அந்த வேறுபாடு டீக்குச் சிறப்பு, ஊசி மருந்துக்குக் குற்றம்.

ஆனால் ஒரு வருடம் வீணாகவேண்டியதில்லை. நம் மாவட்டத்தில், குறிப்பாகக் கூடலூர், பந்தலூர்ப் பக்கத்துப் பழங்குடி மக்களிடம், சிவப்பணு அரிவாள் போல் வளையும் பரம்பரை நோயான சிக்கிள் செல் நோய் இருக்கிறது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்பவர்களுக்குக் கல்லீரலில் இரும்பு சேர்கிறது. அதை ஊசி குத்தித் திசு எடுக்காமல் எம்.ஆர்.ஐ.யிலேயே அளக்கலாம், எந்தக் கான்ட்ராஸ்ட் மருந்தும் வேண்டாம். சேர்ந்த இரும்பே கல்லீரலைக் கறுப்பாக்குகிறது. ஆனால் ஒரு இயந்திரம் காட்டும் எண்ணும் இன்னொன்று காட்டும் எண்ணும் ஒத்துப்போகிறதா என்று சரிபார்க்க, தெரிந்த அளவு இரும்புள்ள மாதிரிகள் வேண்டும். ஃபாண்டம் என்பார்கள். நல்ல டெக்ஸ்ட்ரான் பூசிய துகள் உங்களிடம் இருந்தால் அதைச் செய்யலாம். உடலுக்குள் போகாததால் எண்டோடாக்ஸின் தொல்லை இல்லை, விலங்கு அனுமதி வேண்டாம். கல்லீரலில் சேரும் இரும்பு ஃபெரிட்டின், ஹீமோசிடெரின் வடிவில் இருப்பதால் மேக்னடைட் அதை முழுவதும் பிரதிபலிக்காது என்பதை மட்டும் வெளிப்படையாக எழுதிவிடுங்கள்.

செய்முறை சுருக்கமாக: லிட்டருக்கு 0.05 முதல் 0.5 மில்லிமோல் இரும்பு வரை ஐந்தாறு படிகளாக, ஒரு விழுக்காடு அகாரில் கலந்து குழாய்களில் உறையவிடுங்கள். துகள் சமமாகப் பரவ, அகார் ஆறிக் கெட்டியாவதற்குச் சற்று முன் சேர்த்துக் கலக்குங்கள், காற்றுக்குமிழி தங்கக்கூடாது. செறிவைப் பொடியின் எடையிலிருந்து கணக்கிடாதீர்கள், அதில் பூச்சின் எடையும் சேர்ந்திருக்கும். துகளை ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரைத்து, ஃபெனான்த்ரோலின் நிறமுறையில் இரும்பை அளங்கள். ஸ்கேன் மையத்தில் நோயாளிகள் இல்லாத நேரத்தில் இருபது நிமிடம் கேட்டால் பெரும்பாலும் கொடுப்பார்கள், டெக்னீஷியனிடம் மரியாதையாகப் பேசுங்கள், பல எக்கோ நேரங்களில் (சமிக்ஞையைப் பிடிக்கும் நேரங்களில்) படம் எடுக்கச் சொல்லுங்கள். டி2-இன் தலைகீழ் மதிப்பைச் செறிவுக்கு எதிராக வரைந்தால் வரும் கோட்டின் சாய்வுதான் உங்கள் துகளின் ரிலாக்ஸிவிட்டி, அதாவது டி2-வைக் குறைக்கும் திறன். பழைய மருந்துத் துகள்களுக்கு அது 1.5 டெஸ்லாவில், லிட்டருக்கு ஒரு மில்லிமோல் இரும்புக்கு நொடிக்கு நூறை ஒட்டியோ அதற்கு மேலோ இருந்தது. இரும்பே சேர்க்காத அகார் குழாய் ஒன்றையும் அதே வரிசையில் வையுங்கள், ஏனென்றால் அகாருக்கே ஒரு டி2 உண்டு. கூடவே தேயிலை பூசிய துகளுக்கும் ஒரு வரிசை வைத்துவிடுங்கள். அது மையா மேக்னடைட்டா என்பதையும் அந்தப் படத்திலேயே பார்த்துவிடலாம்.